பெயரில்லாப் பிளாஸ்ரிக்கும் பாறையேறும் சிறுவண்டியும்

வீடு கட்டுகிற எவரும் தச்சரிடம் போய் ‘மரம் போட்டுத் தாருங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வருவதில்லை. கூரைக்குப் பனஞ்சிலாகையா, நிலைக்கு முதிரையா பாலையா, அலுமாரிக்குத் தேக்கா என்று கேட்டுத்தான் காசை எண்ணிக் கொடுக்கிறார். எந்த மரம் பாரம் தாங்கும், எது வெயிலில் வெடிக்கும், எதைக் கறையான் தொடாது என்ற அறிவு எழுத்தறியாத முதியவரிடமும் இருந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனியாகப் பெயர் இருந்ததே அந்த அறிவு நிலைத்ததற்கு முதற் காரணம் என்பேன்.

பிளாஸ்ரிக்கின் கதை வேறு. வாளியும் பிளாஸ்ரிக், மின்விசிறியின் பற்சில்லும் பிளாஸ்ரிக், நீர்க்குழாயும் பிளாஸ்ரிக். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பத்துப் பதினைந்து பொருட்களை ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டோம். போதாக்குறைக்கு அந்தச் சொல்லையே மட்டமான பொருளுக்கு மறுபெயராகவும் ஆக்கிவிட்டோம். இதனால் வரும் நட்டத்தை விளக்குவதற்குப் பெரிய தொழிற்சாலை உதாரணங்களைத் தேட வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கம்பியே போதும்.

குறோலர் எனப்படும் தொலைக்கட்டுப்பாட்டுச் சிறுவண்டியை வாசகர்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மோஆப், கலிபோர்னியாவின் ஜோன்சன் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் உண்மையான ஜீப்புகளைப் பாறைகளின்மேல் அங்குலம் அங்குலமாக ஏற்றும் விளையாட்டின் சிறு வடிவம் அது. பெரும்பாலும் பத்திலொரு பங்கு அளவு. வேகம் இங்கே பெருமையன்று. கவிழாமல் ஏறுவதே திறமை. தொடக்க காலத்தில் இதற்கென ஆயத்த வண்டிகள் கிடையா. தமியா நிறுவனம் 1987இல் வெளியிட்ட குளொட் பஸ்டர் வண்டியின் அச்சுகளை எடுத்து, மீதியை வீட்டு மேசையிலேயே செய்துகொண்டார்கள். 2007இல் அக்சியல் நிறுவனத்தின் ஏஎக்ஸ்10, 2009இல் அதே நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ்10, 2017இல் ட்ராக்ஸஸின் ரிஆர்எக்ஸ்-4 என்று ஆயத்த வண்டிகள் வரிசையாக வந்தன. ஆயினும் கையால் செய்யும் பழக்கம் ஒழிந்துவிடவில்லை. அப்படிச் செய்யப்படுவனவற்றுள் முதலிடம் பெறுவது, வண்டியின் உடலையும் அச்சையும் இணைக்கும் லிங்க் எனப்படும் கம்பிகள்தாம்.

வழக்கமான அமைப்பில் ஓர் அச்சுக்கு நான்கு கம்பிகள். கீழே இரண்டு, மேலே இரண்டு. இரு முனைகளிலும் புரியிட்டுக் குண்டுமூட்டுப் பொருத்தப்படும். அச்சு மேலும் கீழும் ஆடலாம், சரியலாம். ஆனால் முன்னும் பின்னும் நகரக்கூடாது, தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவும் கூடாது. அதைக் காப்பதே இக்கம்பிகளின் வேலை. கீழ்க்கம்பிகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சில்லு பாறையைத் தாண்டியபின் வண்டியின் வயிறும் கீழ்க்கம்பிகளும் அதே பாறையில் உரசிக்கொண்டுதான் போகவேண்டும். முழு வண்டியும் ஒரு கம்பியின் நடுவில் தொங்கி நிற்கும் கணங்கள் உண்டு. வழுக்கினால் வண்டி போகும்; பற்றிக்கொண்டால் நின்றுவிடும்.

இதைச் செய்யத் தொடங்கும் இளைஞர் முதலிற் கேட்பது, ‘எது ஆகப் பலமானது?’ என்பதே. கடைக்காரர் உலோகத்தைக் காட்டுகிறார். மினுமினுக்கும் அலுமினியம், அதற்கு மேல் ரைற்றேனியம். பிளாஸ்ரிக் என்றால் வாயைச் சுளிக்கிறார். இந்தக் கேள்வியே பிழையான இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதே என் கருத்து. கேட்கவேண்டியது, ‘இந்த இடத்தில் இது என்ன செய்யவேண்டும், தோற்றுப்போகும்போது எப்படித் தோற்கவேண்டும்?’ என்பதாகும்.

கணக்கு மிக எளியது. அசெற்றல் என்ற பிளாஸ்ரிக்கின் விறைப்பு ஏறத்தாழ 3 கிகாபஸ்கால். அலுமினியத்துக்கு 70, உருக்குக்கு 200. 100 மில்லிமீற்றர் நீளமும் 6 மில்லிமீற்றர் விட்டமும் உள்ள ஓர் அசெற்றல் கம்பியை இரு முனைகளிலும் தாங்கி, நடுவில் 3 கிலோகிராம் வண்டியைத் தொங்கவிட்டால், அது சுமார் 3.2 மில்லிமீற்றர் வளையும். அதே அளவு அலுமினியக் கம்பி 0.14 மில்லிமீற்றர்தான் வளையும். இத்தோடு நிறுத்தினால் கடைக்காரர் வென்றுவிடுவார். ஆனால் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கோடு கூடுகிறது. 6 மில்லிமீற்றரை 8 ஆக்கினால் விறைப்பு 3 மடங்குக்கு மேல். 10 ஆக்கினால் ஏறத்தாழ 7.7 மடங்கு. வளைவு 8 மில்லிமீற்றர்க் கம்பியில் ஒரு மில்லிமீற்றராகவும், 10 மில்லிமீற்றர்க் கம்பியில் அரை மில்லிமீற்றருக்கும் குறைவாகவும் இறங்கிவிடும். நிறையோ பெரிதாகக் கூடிவிடவில்லை. 10 மில்லிமீற்றர் விட்டமும் 100 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட அசெற்றல் கம்பி 11 கிராம். இதே அளவு அலுமினியம் 21 கிராம், உருக்கு 61 கிராமுக்கு மேல்.

இனித் தோல்வியைப் பார்ப்போம். வண்டி பாறையிலிருந்து தலைகுப்புற விழுகிறது. மெல்லிய அலுமினியக் கம்பி தாங்கும் எல்லையைத் தாண்டினால் வளைந்தது வளைந்ததுதான். திருப்பி நிமிர்த்தினால் அந்த இடம் மேலும் நலிவடையும். தடித்த உருக்குக் கம்பி வளையாது. ஆனால் அடியின் வலிமை எங்காவது போகத்தானே வேண்டும்? அது அச்சின் கூட்டுக்கும், கம்பியைப் பிடித்திருக்கும் திருகாணிக்கும் போய்ச் சேரும். ஆகவே சில நூறு ரூபாய்க் கம்பியைக் காப்பாற்றி, பல மடங்கு விலையுள்ள அச்சை உடைத்துக்கொள்கிறோம். அசெற்றல் கம்பி அடியை வாங்கி வளைந்து, பெரும்பாலும் பழைய நிலைக்கே மீள்கிறது. மூங்கில் புயலுக்கு வளைந்து தப்பும் என்று நம் முன்னோர் சொன்னதன் பின்னால் இருப்பதும் இதே கணக்குத்தான்.

ஆனால் இங்கேதான் பெயர்ப் பிரச்சினை குறுக்கிடுகிறது. இவ்வளவு நேரம் நான் சொன்னது அசெற்றலுக்கு மட்டுமே பொருந்தும். கடையில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ கிடக்கும் எந்தக் கம்பிக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

அசெற்றலின் முழு இரசாயனப் பெயர் பொலிஒக்சிமெதிலீன். அமெரிக்காவின் டுபொன்ட் நிறுவனம் 1960இல் இதை டெல்ரின் என்ற பெயரில் வணிகத்துக்குக் கொண்டுவந்தது. செலனீஸ் நிறுவனம் சிறிது மாற்றிய அமைப்புடன் செல்கொன் என்ற பெயரில் 1962இல் போட்டிக்கு வந்தது. நான்கு சில்லும் இழுக்கும் எந்த வண்டியையும் நம்மவர் ஜீப் என்பதுபோல, குறோலர் செய்பவர்கள் எல்லா அசெற்றலையும் டெல்ரின் என்றே அழைக்கிறார்கள். டுபொன்ட் தன் டெல்ரின் வணிகத்தின் பெரும்பங்கை 2023இல் விற்றுவிட்டது. பெயர் மட்டும் ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. டெல்ரின் சற்றுக் கூடிய பலமும் விறைப்பும் உடையது. ஆனால் அந்தக் கம்பிகளின் நடுத்தண்டில் நுண்துளைகள் காணப்படுவதுண்டு. மற்றைய வகையில் அவை குறைவு. நம் வேலைக்கு இரண்டும் போதும். வளைவைத் தாங்குவது கம்பியின் வெளிப்புறமே. நடுத்தண்டைப் புரியிடுவதற்காக எப்படியும் துளைத்துவிடுகிறோம். பெயருக்காகக் கூடிய விலை கொடுக்க வேண்டியதில்லை.

நைலோனை எடுத்துக்கொள்வோம். கடைசல் பட்டறைகளிலும் வன்பொருட் கடைகளிலும் அசெற்றலைவிட இலகுவாகக் கிடைப்பது. அடிதாங்கும் குணத்தில் உயர்ந்தது. உலர்ந்த நிலையில் விறைப்பும் அசெற்றலுக்கு ஏறத்தாழச் சமன். ஆனால் நைலோன் தண்ணீர் குடிக்கும். நீரில் ஊறி நிறைவடையும்போது நைலோன் 66 தன் நிறையில் சுமார் 8.5 சதவீதம் வரை நீரை ஏற்கிறது. அசெற்றல் ஏற்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவே. காற்றிலுள்ள ஈரத்தை வாங்கினாலே நைலோனின் விறைப்பு பாதியளவுக்கு இறங்கிவிடக்கூடும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கி உலர்த்தும் ரொறன்ரோவில் ஒருவர் செய்து பார்த்துப் பாராட்டிய நைலோன் கம்பி, கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் கையில் தொய்ந்துபோவதற்குக் காரணம் இதுதான். இருவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்று திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நைலோன்தான் கிடைக்கிறது என்றால் ஒரு படி தடிப்பாக எடுத்தால் போதும்.

சமையலறை வெட்டுப்பலகையை அறுத்துக் கம்பி செய்வோரும் உண்டு. அது பொலியெதிலீன். பாறைமேல் அதைப்போல் வழுக்கும் பொருள் வேறொன்றைச் சொல்வது கடினம். ஆனால் விறைப்பு அசெற்றலின் மூன்றிலொரு பங்கு அளவுதான். புரியும் அதில் நன்றாகப் பிடிப்பதில்லை. வண்டியின் வயிற்றுக்கு அடியில் வழுக்குத் தகடாகப் பொருத்தினால் அது அரசன், கம்பியாக்கினால் அடிமை. அக்ரிலிக்கோ இதற்கு நேரெதிர். கண்ணாடிபோல் அழகானது, விறைப்பானது. புரியிட்ட இடத்தில் முதல் அடியிலேயே வெடிக்கும். பொலிகாபனேற்று அடிதாங்கும் என்றாலும், திருகாணி தளராமல் இருக்கப் பூசும் பசை போன்ற சில இரசாயனங்கள் பட்டால் புரியின் அடியில் கீறல் விடும்.

இத்தனை வேறுபாடுள்ள பொருட்களையும் ‘பிளாஸ்ரிக் கம்பி’ என்று ஒரே பெயரில் விற்பது நேர்மையான வணிகமாகுமா? பொதிகளின் அடியில் முக்கோணத்துக்குள் எண் போட்டு வகைப்படுத்தும் முறை 1988இல் அமெரிக்காவில் அறிமுகமானது. அதில் 1 முதல் 6 வரை தனித்தனிப் பொருட்கள். 7 என்றால் ‘ஏனையவை’. நைலோன், அசெற்றல், பொலிகாபனேற்று எல்லாம் அந்த ஏழாம் கிடங்கில்தான். குப்பையைப் பிரிப்பதற்காக வந்த முறை அது. வாங்குபவருக்கு வழிகாட்டுவது அதன் நோக்கமன்று. வாங்குபவர் தாமே வாய்திறந்து கேட்கவேண்டும்.

கேட்டும் பதில் கிடைக்காதவர்களுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. கம்பியின் ஒரு துண்டைச் சாதாரண நீரில் போடுங்கள். மிதந்தால் அது பொலியெதிலீன் அல்லது பொலிபுரொப்பிலீன். தாழ்ந்தால், இனிமேல் கரையாது என்னும் அளவுக்குக் கறியுப்புக் கரைத்த நீரில் போடுங்கள். 100 மில்லிலீற்றர் நீருக்கு 36 கிராம் உப்பு வரை கரையும். அக்கரைசலின் அடர்த்தி ஏறத்தாழ 1.2. நைலோனின் அடர்த்தி 1.14, ஆகவே மிதக்கும். அக்ரிலிக்கும் மிதக்கும், ஆனால் அதன் கண்ணாடித் தன்மையே அதைக் காட்டிக்கொடுக்கும். அசெற்றலின் அடர்த்தி 1.41, ஆகவே கல்லைப்போல் அடியில் போய்க் கிடக்கும். பிவிசியும் கண்ணாடி நார் கலந்த நைலோனும் இவ்வாறே தாழும் என்பதை மறக்கக்கூடாது. நீர்க்குழாய் ஒட்டும் பசையை ஒரு துளி வைத்தால் பிவிசி இளகும், அசெற்றல் அசையாது. நார் கலந்த நைலோனை அறுத்த முகத்தைத் தடவினாலே அதன் கரடு தெரியும். ஒரு கோப்பை, கொஞ்சம் உப்பு, சிறிது பொறுமை, இவ்வளவும் போதும்.

கீழ்க்கம்பிகளை உருக்கில் அல்லது பித்தளையில் செய்தால் பாரம் கீழே இறங்கி வண்டி கவிழாது என்று வாதிடுவோரின் கருத்தையும் தள்ளிவிட முடியாது. பாறையேற்றத்தில் பாரம் தாழ இருப்பது பெரும் நன்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 6 மில்லிமீற்றர் உருக்குக் கம்பி 22 கிராம். 10 மில்லிமீற்றர் அசெற்றல் 11 கிராம். கீழ்க்கம்பிகள் நான்குக்கும் சேர்த்து வேறுபாடு 45 கிராமைத் தாண்டாது. அந்த 45 கிராமைச் சில்லுக்குள் வைத்தால் பாரம் இன்னும் தாழ நிற்கும். கம்பியோ வழுக்கிக்கொண்டு போகும். ஒரே பொருளிடம் இரண்டு வேலைகளையும் கேட்டு இரண்டிலும் அரைகுறையாக நிற்பதைவிட இது மேல்.

மேற்கம்பிகளின் நிலை வேறு. அவை பாறையைத் தொடுவதில்லை. மோட்டார் இழுக்கும்போது அச்சு சுழன்றுவிடாமல் பிடிப்பது அவற்றின் முதல் வேலை. அங்கே வளைந்து கொடுப்பது குணமாகாது, குற்றமாகும். எனவே மேற்கம்பிக்கு 6 மில்லிமீற்றர் அலுமினியமே தக்கது என்பேன். இரண்டையும் சேர்த்து, நடுவில் மெல்லிய உருக்குப் புரிக்கம்பியும் அதன்மேல் அசெற்றல் குழாயுமாகக் கீழ்க்கம்பி செய்வோரும் உண்டு. நீளமான வண்டிகளுக்கும் பாரமான வண்டிகளுக்கும் அது நல்ல வழி.

செய்முறையிலும் சில கவனங்கள் வேண்டும். 3 மில்லிமீற்றர்ப் புரிக்கு 2.5 மில்லிமீற்றர்த் துளையிடவேண்டும். 6 மில்லிமீற்றர்க் கம்பியில் அப்போது புரியைச் சுற்றி எஞ்சுவது 1.5 மில்லிமீற்றர்ச் சுவர்தான். 10 மில்லிமீற்றரில் 3.5. கம்பிகள் முறிவது பெரும்பாலும் இந்த முனையிலேயே என்பதால், தடிப்புக்கான வலுவான நியாயம் இங்கேதான் இருக்கிறது. புரியை 12 மில்லிமீற்றர் ஆழத்துக்காவது இறக்குங்கள். தளர்ந்தால் ஒட்டிக்கொள்ளலாம் என்று நம்பவேண்டாம். அசெற்றலில் வழக்கமான பசைகள் ஒட்டா. பாறை கீறிய தழும்புகள் ஆழமானால் அவ்விடத்திலேயே முறியும். அவ்வப்போது அரத்தாள் போட்டு மழுக்கிவிடவேண்டும். வெயிலில் ஓடும் வண்டிக்கு, கரிப்பொடி சேர்த்த கறுப்பு நிறமே நல்லது. வெள்ளை அசெற்றலை வெயில் நாளடைவில் நலிவாக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். பாறைக்கு இடம்விடுவதற்காகக் கம்பியை வளைத்துக்கொள்ள விரும்புவோர் நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகக்கூடாது. அசெற்றல் 165 முதல் 175 பாகை செல்சியஸில் உருகும். அளவுக்கு மீறிச் சூடானால் போமல்டிகைட்டு என்ற நச்சு வாயுவை வெளிவிடும். எரியும்போது சுடர் நீலமாக, வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாமல் இருக்கும். கொதிநீரில் ஊறவைத்து வளைத்துக் கட்டிக் குளிரவிடுவதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். சிறிது நிமிரும் என்பதால் தேவைக்கு மேல் சற்றுக் கூடுதலாக வளைக்கலாம். பெயர் தெரியாத பிளாஸ்ரிக்கைச் சூடாக்குவதைப் பெற்றோர் எக்காரணம் கொண்டும் அனுமதிக்கவேண்டாம். பிவிசி எரிந்தால் வருவது ஐதரசன் குளோரைட்டு. பெயர் தெரிந்திருப்பது சிக்கனத்துக்கு மட்டும் உதவும் காரியமன்று. அது மூச்சோடும் தொடர்புடையது.

என் தெரிவு எதுவென்று கேட்பவர்களுக்கு: கீழே 10 மில்லிமீற்றர்க் கறுப்பு அசெற்றல், மேலே 6 மில்லிமீற்றர் அலுமினியம், வயிற்றில் வெட்டுப்பலகை. கிடைக்காத ஊரில் கீழே 12 மில்லிமீற்றர் நைலோன். இது வண்டியின் பாரத்துக்கும் நீளத்துக்கும் ஏற்ப மாறலாம். மாற்றுபவர் ஏன் மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றினால் அதுவே எனக்கு மகிழ்ச்சி.

பொம்மை வண்டிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று சிலர் சிரிக்கக்கூடும். நமது பிள்ளைகளுக்குப் பொருட்களைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுக்கும் வாய்ப்புகள் அருகிவருகின்றன. உடைந்தால் எறி, புதிதை வாங்கு என்பதே அவர்கள் காணும் வழி. எட்டுக் கம்பி செய்யும் பிள்ளை அடர்த்தியையும் விறைப்பையும் ஈரத்தையும் ஒரு பின்னேரத்தில் கையால் தொட்டு அறிந்துகொள்கிறது. பரீட்சைத் தாளில் அவற்றுக்கு வரைவிலக்கணம் எழுதுவதைவிட இது ஆழப் பதியும். விற்பவர்களிடம் நான் வேண்டுவதும் ஒன்றுதான். கம்பியின் மேல் விலையை எழுதும் அதே பேனாவால் அதன் பெயரையும் எழுதிவையுங்கள். மரக்காலைக்காரர் காலங்காலமாகச் செய்துவரும் காரியத்தைத்தான் கேட்கிறேன்.